மாலையைக் கழற்றிய பின்னும் தொடரட்டும் விரதம்

திருத்தலமும் தேகநலமும்

கார்த்திகைத் திங்களின் முதல் நாள் விடிவதற்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கு விழித்துக்கொள்கிறது. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறும் நெடுஞ்சாலையில் அன்று எழும் சரண கோஷம் மகர விளக்கு முடியும்வரை ஓய்வதில்லை. வீரபாண்டியில் முல்லையாற்றில் நீராடிக் கௌமாரியம்மனைத் தொழுவோரும், குச்சனூரில் சுரபி நதிக்கரையில் சுயம்பு சனீஸ்வரருக்கு எள் தீபம் ஏற்றுவோரும், சுருளி அருவியில் மூழ்கி எழுவோருமாக அடியார் கூட்டம் மலையை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். வழிப்போக்கர் மட்டுமல்லர், இப்பள்ளத்தாக்கின் ஊர்களிலும் தெருவுக்குத் தெரு மாலையணிந்த சாமிமார்களைக் காணலாம்.

அந்த 41 நாள்களில் அவர்கள் வாழும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வைகறையில் எழுதல், குளிர்ந்த நீராடல், புலால் நீக்கம், மதுவையும் புகையையும் அறவே விடுதல், எளிய உணவு, காலணி இல்லாத நடை, கோபத்தை அடக்கிய பேச்சு, நேரத்தில் உறக்கம். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அறிவுரைகளை இந்தப் பட்டியலுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். மருத்துவர் வாழ்நாள் முழுவதற்கும் சொல்கிறார். நாம் ஒரு மண்டலத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

இந்த ஆண்டு மாலையணியும் அன்பர்களும், அவர்களுக்கு உணவு சமைத்துத் தரும் இல்லத்தரசியரும் கொலஸ்ட்ரால் பற்றி அறிந்துகொள்ள வேண்டியவற்றை இவ்வாரம் காண்போம்.

கொழுப்பு நமக்குப் பகையா?

கொலஸ்ட்ரால் என்ற சொல்லைக் கேட்டவுடனே அஞ்சுவோர் உண்டு. அது உடலுக்குப் பகைப்பொருள் அன்று. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவைச் சூழ்ந்துள்ள உறையிலும் அது இருக்கிறது. செரிமானத்துக்கு உதவும் பித்தநீரும், ஆண்மைக்கும் பெண்மைக்கும் உரிய ஹார்மோன்களும், வெயில் படும்போது தோலில் உருவாகும் வைட்டமின் டி-யும் கொலஸ்ட்ராலையே அடிப்படையாகக் கொண்டு உருவாகின்றன. நமக்குத் தேவையானதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதலிய உறுப்புகள் தாமே செய்துகொள்கின்றன. ஆகவேதான், வாழ்நாளில் புலாலைத் தொட்டறியாதவருக்கும் கொலஸ்ட்ரால் மிகுதியாக இருக்கக்கூடும்.

எண்ணெய் நீரோடு கலவாதது போலவே கொலஸ்ட்ராலும் இரத்தத்தில் தானாகக் கரைவதில்லை. புரதத்தால் ஆன நுண்ணிய துகள்கள் அதைச் சுமந்து செல்கின்றன. கல்லீரலிலிருந்து புறப்படும் கொழுப்பை உடலெங்கும் கொண்டுசெல்லும் துகளுக்கு எல்.டி.எல். என்று பெயர். மிகுந்துபோன கொழுப்பைத் திரட்டிக் கல்லீரலுக்கு மீட்டுவருவது எச்.டி.எல். முன்னதைக் கெட்ட கொலஸ்ட்ரால் என்றும் பின்னதை நல்ல கொலஸ்ட்ரால் என்றும் மக்கள் வழங்குகின்றனர்.

எல்.டி.எல். அளவுக்கு மீறினால் நேர்வது யாது? பெரியாற்று நீரால் விளையும் இப்பள்ளத்தாக்கின் உழவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்காலில் வண்டல் ஒரே நாளில் சேர்வதில்லை. தலைமடையில் நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கடைமடை வயல் காய்ந்த பிறகே மண்வெட்டியைத் தேடுகிறோம். இரத்தக்குழாயிலும் இவ்வாறே 20, 30 ஆண்டுகளாகக் கொழுப்பு படிகிறது. அக்காலம் முழுவதும் வலியில்லை, களைப்பில்லை, எந்த அறிகுறியும் இல்லை.

இந்த உவமைக்குள் அடங்காத கொடுமை ஒன்றும் உண்டு. வண்டல் வாய்க்காலை மெல்ல மெல்லத்தான் அடைக்கும். இரத்தக்குழாயின் சுவருக்குள் சேர்ந்த கொழுப்புத் திட்டோ திடீரென வெடிக்கவும் கூடும். வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களுக்குள் குழாய் முழுதும் அடைபட்டுவிடும். நேற்றுவரை நன்றாக நடமாடியவர் இன்று மலைப்பாதையில் மார்பைப் பிடித்துக்கொண்டு அமர்வதற்குக் காரணம் இதுவே. சபரிமலையில் நீலிமலை, அப்பாச்சிமேடு ஆகிய ஏற்றங்களில் ஆண்டுதோறும் இதயநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படுவதன் பொருளை நாம் உணர வேண்டும்.

எண்களைப் படிக்கும் முறை

கொழுப்பின் அளவை அறிய லிப்பிட் புரொஃபைல் என்னும் இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. முகத்தைப் பார்த்தோ உடல் பருமனைப் பார்த்தோ சொல்ல இயலாது. மெலிந்தவருக்கும் மிகுதியாக இருக்கலாம். இந்திய இதயவியல் கழகம் 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டு மக்களுக்கெனத் தனியே வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 18 வயதிலேயே முதல் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம் என்றும், முதற்கட்டச் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்றும் அது கூறுகிறது.

பரிசோதனை அறிக்கையில் நான்கு எண்களை நோக்க வேண்டும். இவை யாவும் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்னும் கணக்கில் அமைந்தவை.

மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருத்தல் நலம். எல்.டி.எல். பொதுவாக 100-க்குக் கீழும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையவர்களுக்கு 70-க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழும் இருக்க வேண்டும். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறையலாகாது. ட்ரைகிளிசரைடு என்னும் மற்றொரு வகைக் கொழுப்பு 150-க்குள் அடங்க வேண்டும்.

இவற்றோடு எளிய கழித்தல் கணக்கு ஒன்றையும் வீட்டிலேயே செய்யலாம். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல். அளவைக் கழியுங்கள். எஞ்சுவது இரத்தக்குழாயில் படியக்கூடிய கொழுப்புகள் அனைத்தின் கூட்டுத்தொகை. அது 130-க்குள் இருப்பது நல்லது. மொத்தம் 190 என்று கண்டு ஒருவர் மகிழ்ந்திருக்கலாம். அவருடைய எச்.டி.எல். 32 என்றால் எஞ்சுவது 158, அது மிகுதி. வேறொருவருக்கு மொத்தம் 190, எச்.டி.எல். 62 என்றால் எஞ்சுவது 128. மொத்த எண் ஒன்றாயினும் இருவர் நிலையும் ஒன்றன்று.

இந்தக் கணக்கு நம்மவர்களுக்கு ஏன் இன்றியமையாதது என்பதற்குச் சான்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. நூற்றுக்கு 79 பேருக்குக் கொழுப்பின் அளவுகளில் ஏதேனும் ஒன்று பிறழ்ந்திருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. நல்ல கொலஸ்ட்ரால் குறைந்தவர்களோ 72 பேர். ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்கள் ஏறத்தாழ 30 பேர். மொத்த எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்வது நம் நாட்டில் பொருந்தாது என்பதை இது காட்டுகிறது.

குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பிறவியிலேயே எல்.டி.எல்.-ஐ இரத்தத்திலிருந்து நீக்கும் ஆற்றல் குறைந்தவர்கள் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் வீதம் உள்ளனர். இமையோரம் மஞ்சள் படிவு, குதிகால் நரம்பில் தடிப்பு ஆகியவை அவர்களில் சிலருக்குத் தோன்றும் அடையாளங்கள். இக்குறை உடைய இருவர் மணந்தால் குழந்தைக்குக் கடுமையாக வரக்கூடும். மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணமுடிக்கும் குடும்பங்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின் எல்.டி.எல். உயர்வது இயல்பு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும் என்பதால், காரணமின்றி உயர்ந்தவர்கள் அதையும் சோதித்துக்கொள்வது நன்று.

புலால் நீங்கினால் மட்டும் போதுமா?

“விரத காலத்தில் கறி, முட்டை எதுவும் இல்லை. பிறகு ஏன் ட்ரைகிளிசரைடு ஏறியது?” என்று வியப்போர் உண்டு. விடை அடுக்களையில் இருக்கிறது. காலையில் பூரி, பொங்கல்; நண்பகலில் குவித்த வெள்ளைச் சோறு; மாலையில் பஜனை முடிந்ததும் வடை, போண்டா; இடையிடையே சர்க்கரை மிகுந்த தேநீர். போதாததற்குக் குமுளிச் சாலையெங்கும் தேங்காய் எண்ணெயில் பொரித்தெடுக்கும் நேந்திரங்காய் வறுவலின் மணம். இவற்றில் எதிலும் புலால் இல்லை. ஆயினும் மிகுதியான மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றுகிறது. அது ஏறும்போது நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது. மேற்கண்ட ஆய்வு காட்டிய நோய் இதுவே.

எண்ணெய் வாங்கும்போது புட்டியின்மேல் “கொலஸ்ட்ரால் அற்றது” என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் குறிப்பிடத்தக்க அளவு கொலஸ்ட்ரால் கிடையாது. நோக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் அளவு. அதுவே கல்லீரலின் எல்.டி.எல். நீக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 90 பங்கும், நெய்யில் 60 பங்குக்கு மேலும், பாமாயிலில் ஏறத்தாழப் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது 20 பங்குக்கும் குறைவு. எந்த எண்ணெயாயினும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது மருத்துவர்கள் பலரும் சொல்லும் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே உண்மை விளங்கும்.

வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு இவை அனைத்தினும் தீயது. அது எல்.டி.எல்.-ஐ ஏற்றி எச்.டி.எல்.-ஐ இறக்கும் இரட்டைக் கேடு. உணவுப் பொருள்களில் அதன் அளவு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்படக் கூடாதென 2022 முதல் நாடெங்கும் விதி நடைமுறையில் உள்ளது. அன்னதானம் செய்யும் பெருமக்கள் பொரித்த எண்ணெயையே மறுநாளும் காய்ச்சுவதைத் தவிர்த்தால், உண்பவருக்குப் புண்ணியத்தோடு நலமும் சேரும்.

அப்படியானால் பிரசாதம் உண்ணலாகாதா என்ற ஐயம் எழக்கூடும். பிரசாதம் உள்ளங்கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றி உண்ணும் அளவுடையது. அரவணையாயினும் சர்க்கரைப் பொங்கலாயினும் அந்த அளவில் எவருக்கும் தீங்கில்லை. தட்டு நிறைய வாங்கி உண்ணும்போது அது பிரசாதம் என்னும் நிலையிலிருந்து உணவாகிவிடுகிறது. தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் சன்னிதியில் அடைத்த கதவுக்கு முன் பூசை நடைபெறுவதையும், அடியார்கள் நெய்யைக் காணிக்கையாகத் தருவதையும் அறிவோம். நெய்யை அம்மைக்கு மனமாரக் கொடுப்போம். நம் இலையில் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துவோம்.

சேர்க்க வேண்டியவை நம் மண்ணிலேயே விளைகின்றன. கொள்ளு, மொச்சை, அவரை, பாசிப்பயறு, வெண்டை, கொய்யா முதலியவற்றில் நீரில் கரையும் நார்ச்சத்து மிகுதி. இது குடலில் பித்தநீரைப் பற்றிக்கொண்டு வெளியேற்றிவிடுகிறது. புதிய பித்தநீரை உண்டாக்கக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ள வேண்டியதாகிறது. நாள்தோறும் ஒரு கிண்ணம் வேகவைத்த பயறு உண்பது இத்தனை வேலையையும் சத்தமின்றிச் செய்கிறது. ஒருவேளைச் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கூட்டும் பொரியலும் நிரப்புங்கள். பொரியல் என்பது தாளித்து வதக்கியது. எண்ணெயில் மூழ்கியது அன்று. கம்பத்தின் பன்னீர் திராட்சைக்கும் சின்னமனூர்ப் பகுதியின் வாழைக்கும் இதில் இடமுண்டு. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் அளவறிந்து உண்ண வேண்டும்.

நாமம் சொல்லும் நடை

உணவுக்கு அடுத்தது நடை. வாரத்தில் 150 நிமிடம், அதாவது நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் விரைந்து நடத்தல் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விரைவை அளக்கக் கருவி வேண்டியதில்லை. நடந்துகொண்டே நாமம் சொல்ல முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட மூச்சுப் போதாமலிருக்க வேண்டும். அந்த வேகமே ஏற்றது. நடையால் ட்ரைகிளிசரைடு குறையும், எச்.டி.எல். சற்று உயரும், இடுப்புச் சுற்றளவு இறங்கும்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை வகுத்து, நடப்போம் நலம் பெறுவோம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கோயிலுக்குச் செல்லும் அன்பர்களுக்கோ எப்போதும் பாதை உண்டு. போடிநாயக்கனூரார் பரமசிவன் மலைக்கோயிலுக்கு ஏறலாம். கம்பத்தார் கம்பராயப் பெருமாளையும் காசி விசுவநாதரையும் ஒரே வளாகத்தில் வலம் வரலாம். சின்னமனூரில் பூலாநந்தீஸ்வரரும் உத்தமபாளையத்தில் திருக்காளாத்தீஸ்வரரும் காத்திருக்கின்றனர். வாகனத்தைக் கோயில் வாசல்வரை கொண்டு செல்லாமல் வீட்டிலேயே விட்டுச் சென்றால் வழிபாட்டுக்குள் உடற்பயிற்சியும் அடங்கிவிடும்.

புகையிலையை விட்டவர்களுக்கு நல்ல கொலஸ்ட்ரால் சில வாரங்களிலேயே உயரத் தொடங்கும். 41 நாள் விட முடிந்தவருக்கு அது இயலாத செயலன்று என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. மாலையைக் கழற்றிய மறுநாள் பெட்டிக்கடையின் பக்கம் திரும்பாமல் இருப்பதே அடுத்த விரதம்.

மாத்திரையை நிறுத்தலாமா?

இக்கட்டுரையில் மிக முக்கியமானது இப்பகுதி. மாலையணிந்த நாள்முதல் மருந்துகளை ஒதுக்கிவைக்கும் வழக்கம் சிலரிடம் உள்ளது. மாத்திரை விழுங்கினால் விரதம் முறிந்துவிடும் என்பர் சிலர். சுவாமி பார்த்துக்கொள்வார் என்பர் வேறு சிலர். நோயாளி மருந்துண்பதை விரத பங்கமாக நம் மரபு கருதியதில்லை. உடம்பைக் கோயிலாகக் கண்ட திருமூலர் வழி வந்தவர்கள் அக்கோயிலைச் செப்பனிடும் மருந்தைத் தள்ளுவது முறையாகாது.

கொலஸ்ட்ராலைக் குறைக்கப் பெரிதும் வழங்கப்படுவது ஸ்டேட்டின் வகை மாத்திரை. அதன் பிறப்பு வரலாறு சுவையானது. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களை ஆராய்ந்து, கியோத்தோ நகரத்துத் தானியக் கடை ஒன்றிலிருந்து எடுத்த அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சையில் 1973-இல் அதைக் கண்டறிந்தார். கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதைத் தடுப்பது அதன் வேலை. தன் தேவைக்குக் கல்லீரல் அப்போது இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்கிறது. எல்.டி.எல். 39 மில்லிகிராம் குறையும்போது மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது பெரிய ஆய்வுகளின் தொகுப்பால் உறுதியான முடிவு.

உணவாலும் நடையாலும் எல்.டி.எல்.-ஐ ஓரளவு குறைக்கலாம். மாத்திரையால் 30 முதல் 50 விழுக்காடுவரை குறைக்க இயலும். ஆகவே, மருத்துவர் மாத்திரை தந்தவர்களுக்கு ஒழுக்கமும் மருந்தும் இரண்டுமே வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின் போன்றவற்றை உணவோடும் உணவின்றியும் எந்த வேளையிலும் உட்கொள்ளலாம் என்பதால் ஒருபொழுது இருப்பவர்களுக்கும் தடையில்லை. தசைவலி தோன்றினால் மருத்துவரிடம் கூறி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம், தாமாக நிறுத்தலாகாது. இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது. நீரிழிவு மாத்திரைகளின் நிலை வேறு. பட்டினியோடு அவற்றை உட்கொண்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடலாம். விரதம் தொடங்குமுன் அவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மண்டலக் கணக்கு

உணவிலும் நடையிலும் செய்யும் மாற்றம் இரத்தப் பரிசோதனையில் தெளிவாகத் தெரிய ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். 41 நாள் என்பது ஆறு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. எனவே இவ்வாண்டு மாலையணியும் முன் ஒருமுறையும், மாலையைக் கழற்றும் தறுவாயில் ஒருமுறையும் லிப்பிட் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இதைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். இரண்டு தாள்களையும் பூசையறையில் அருகருகே வைத்துப் பாருங்கள். பொரித்ததையும் சர்க்கரையையும் குறைத்து, பயறு உண்டு, நாளும் நடந்து விரதமிருந்தவருக்கு எண்கள் இறங்கியிருப்பதைக் காணலாம். விரதத்தின் பயனைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு அது.

அதற்கடுத்த வாரங்களே உண்மையான சோதனை. பழைய உணவும் பழைய சோம்பலும் திரும்பினால் எண்களும் சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மலையிறங்கிய மறுநாள் கறிவிருந்து வைத்து, இழந்ததையெல்லாம் ஒரே வாரத்தில் ஈடுசெய்ய முனைவது பல இல்லங்களில் காணும் காட்சி. புலால் உண்ணும் வழக்கமுடையோர் அதை அடியோடு விட வேண்டும் என்று கூறவில்லை. வாரம் ஒருமுறை, கொழுப்பு நீக்கிய சிறு அளவு, இயன்றால் ஆட்டிறைச்சிக்கு மாற்றாக மீன் என்று வரையறுத்துக்கொள்ளலாம்.

மலையேறும் முன்

40 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையவர்கள், ஏறும்போது மூச்சு வாங்குபவர்கள் ஆகியோர் மருத்துவரைப் பார்த்த பிறகே இருமுடி கட்ட வேண்டும். சித்ரா பௌர்ணமியன்று பளியன்குடி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் மலையேறுவோருக்கும் இது பொருந்தும். ஆண்டு முழுதும் நடக்காத கால்கள் ஒரே நாளில் மலையேறுவது இதயத்துக்குப் பெருஞ்சுமை. ஒரு மாதம் முன்னரே நடைப்பழக்கத்தைத் தொடங்குங்கள். ஏற்றத்தில் அமர்ந்து இளைப்பாறுவது இழுக்கன்று.

மார்பில் அழுத்தம், இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மேல்வயிற்றில் எரிச்சல் ஆகியவை தோன்றினால் வாயு என்று கருதிச் சோடா குடித்து நேரம் போக்காதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவு உடையோருக்கும் வலியின்றி மூச்சுத்திணறல் மட்டுமே தோன்றலாம். உடனே 108-ஐ அழையுங்கள். இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படுகின்றன. அங்கிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

குருசாமிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலை அணிவிக்கும் நாளில், “சாமி, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஏதும் உண்டா?” என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். இருமுடி கட்டும் நாளில் அந்த மாத்திரைகள் பையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் சொல்லைத் தெய்வவாக்காக ஏற்கும் சாமிமார்கள் மருத்துவர் சொல்லைக் காட்டிலும் அதற்கு விரைந்து கட்டுப்படுவர். ஓர் உயிரைக் காக்க அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருக்கலாம்.

சரணம் சொல்லி மலையேறும் ஒவ்வொருவரும் நலமாக இல்லம் திரும்பி, அடுத்த கார்த்திகையிலும் மாலை அணிய வேண்டும் என்பதே வீட்டில் காத்திருப்போரின் வேண்டுதல். அவ்வேண்டுதலை நிறைவேற்றும் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு. கௌமாரியம்மையும் ஐயன் ஐயப்பனும் அனைவருக்கும் நோயற்ற வாழ்வை அருள்வார்களாக.